வீட்டு சர்வருக்கு எந்த ஃபைல் சிஸ்டம் சரி? ஒரு டிஸ்க் போனா எல்லாம் போயிடுமா? - விரிவான விளக்கம்

போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வருகிறது. கிளவுடில் இடம் வாங்கினால் மாதாமாதம் கட்டணம். 'இதுக்குப் பதிலா வீட்லயே ஒரு சர்வர் வச்சா என்ன?' என்ற யோசனை பலருக்கும் வருவது இங்கேதான். ஒரு பழைய கம்ப்யூட்டர், ரெண்டு டிஸ்க், இலவச மென்பொருள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்துவிடும்.

ஆனால், இன்ஸ்டால் செய்யும்போதே திரையில் ஒரு கேள்வி வரும். எந்த ஃபைல் சிஸ்டம் வேண்டும்? இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். புரியாமல் 'நெக்ஸ்ட்' அழுத்திவிட்டால், பின்னாளில் மாற்ற நினைக்கும்போது பெரும்பாலும் டிஸ்கை முழுசா அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவில் இருந்து வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் வரை எல்லாம் இருக்கும்.

அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் என்ன? பார்க்கலாம்.

வீட்டு சர்வர் என்றால் என்ன?

ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டுவதுதான் விர்ச்சுவலைசேஷன். ஒரே கட்டிடத்தில் பல வீடுகள் இருப்பது மாதிரி. போட்டோக்களைச் சேமிக்க ஒன்று, வீட்டு சிசிடிவி பதிவுக்கு ஒன்று, புதுசா எதையாவது கற்றுக்கொள்ள ஒன்று என்று தனித்தனி 'விர்ச்சுவல் மெஷின்'கள் ஓடும். ஒன்றில் கோளாறு வந்தாலும் பக்கத்து வீட்டுக்குப் பாதிப்பு இருக்காது.

வீடுகளில் இதற்கு அதிகம் பேசப்படும் மென்பொருள் பிராக்ஸ்மாக்ஸ். ஆஸ்திரியாவின் வியன்னாவைச் சேர்ந்த நிறுவனம் 2008-ல் முதன்முதலில் வெளியிட்டது. லினக்ஸின் டெபியன் மேல் கட்டப்பட்டது. விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. 2024 பிப்ரவரியில் அதன் இலவச இஎஸ்எக்ஸ்ஐ நிறுத்தப்பட்டது. வீட்டில் அதை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் மாற்று தேடியபோது பிராக்ஸ்மாக்ஸ் பெயர் இன்னும் பரவலானது. 2025 ஏப்ரலில் இலவச இஎஸ்எக்ஸ்ஐ திரும்ப வந்தது. ஆனாலும் அதற்குள் மாறியவர்கள் மாறிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கட்டிடத்தில் எத்தனை வீடு இருந்தாலும் அஸ்திவாரம் ஒன்று. அந்த அஸ்திவாரம்தான் டிஸ்க்.

ஃபைல் சிஸ்டம் என்ன வேலை செய்கிறது?

டிஸ்க் என்பது எண் போட்ட வெற்றுப் பக்கங்கள் கொண்ட ஒரு பெரிய நோட்டு. எந்த ஃபைல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் காலி என்று கணக்கு வைப்பதுதான் ஃபைல் சிஸ்டம். கணக்கு தப்பினால் ஃபைல் டிஸ்கில் இருந்தும் கண்டுபிடிக்க முடியாது.

கணக்கு எப்போது தப்பும்? எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போனால் தப்பலாம். இதைச் சமாளிக்க ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. வித்தியாசமே அங்கேதான் தொடங்குகிறது.

இஎக்ஸ்டி4: பழைய, நம்பகமான கணக்குப்பிள்ளை

லினக்ஸில் 2008 டிசம்பரில் வந்த 2.6.28 பதிப்பில் இருந்து இஎக்ஸ்டி4 முழுமையான பயன்பாட்டில் இருக்கிறது. இது 'ஜர்னல்' முறையில் வேலை செய்கிறது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு ரஃப் நோட்டில் குறித்துக்கொள்ளும். பிறகுதான் அசல் கணக்கில் ஏற்றும். நடுவில் கரண்ட் போனால், திரும்ப ஆன் ஆனதும் ரஃப் நோட்டைப் பார்த்துக் கணக்கை நேர் செய்துவிடும்.

வேகம் அதிகம். ராம் கொஞ்சமாக இருந்தாலே போதும். கோளாறு வந்தால் சரிசெய்யும் கருவிகளும் நிறைய.

குறை என்ன? கணக்கைத்தான் இது காப்பாற்றும். பக்கத்துக்குள் எழுதியிருக்கும் விஷயம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காது. டிஸ்கில் ஏதோ ஒரு கோளாறால் போட்டோவின் ஒரு சின்னப் பகுதி மாறிப்போனால், இஎக்ஸ்டி4-க்கு அது தெரியாது. கெட்டுப்போன போட்டோவையே 'இந்தாங்க' என்று எடுத்துக் கொடுக்கும். இப்படிச் சத்தமில்லாமல் தகவல் கெடுவதைத்தான் 'பிட் ராட்' என்கிறார்கள்.

எக்ஸ்எஃப்எஸ் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1990-களில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. பெரிய பெரிய ஃபைல்களுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால், அதுவும் ஃபைலின் உள்ளடக்கத்தைச் சரிபார்ப்பதில்லை.

இசட்எஃப்எஸ்: ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முத்திரை

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரென்ஸ் ஆகியோர் 2001-ல் தொடங்கிய வேலை இது. 2005-ல் இதன் மூல நிரல் வெளியிடப்பட்டது. 2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. அதன்பிறகு வெளியே இருந்தவர்கள் சேர்ந்து 2013-ல் ஓபன்இசட்எஃப்எஸ் என்ற பெயரில் தனியாக எடுத்துச் சென்றார்கள். உரிம விதிகள் ஒத்துப்போகாததால் லினக்ஸ் கெர்னலுக்குள் இதைச் சேர்க்கவில்லை. பிராக்ஸ்மாக்ஸ் இதைத் தன்னோடு சேர்த்தே தருகிறது.

இதன் பலம் இரண்டு.

முதலாவது, முத்திரை. ஒவ்வொரு தகவல் துண்டை எழுதும்போதும் 'செக்சம்' எனும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். படிக்கும்போது மறுபடி கணக்கிட்டுப் பார்க்கும். எண் ஒத்துப்போகவில்லை என்றால், தகவல் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அதே தகவல் இன்னொரு டிஸ்கிலும் இருந்தால், அங்கிருந்து நல்ல நகலை எடுத்துக்கொடுத்து, கெட்டதையும் தானே திருத்திவிடும்.

இரண்டாவது, பழசின் மேலேயே எழுதாது. புது விஷயத்தைக் காலிப் பக்கத்தில் எழுதி முடித்த பிறகுதான், முகப்பில் உள்ள பக்க எண்ணை மாற்றும். பாதியில் கரண்ட் போனால் பழைய பக்கம் அப்படியே இருக்கும். இதே முறையால் 'ஸ்னாப்ஷாட்' எடுப்பதும் சுலபம். ஒரு அப்டேட் போடும் முன் ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், சொதப்பினாலும் சில நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

அப்போ கண்ணை மூடிக்கிட்டு இசட்எஃப்எஸ் எடுத்துடலாமா? அவசரப்பட வேண்டாம். இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. டிஸ்க் ஒன்றே ஒன்றுதான் என்றால், போட்டோ கெட்டுவிட்டது என்று இசட்எஃப்எஸ்-ஆல் சொல்ல மட்டுமே முடியும். எடுத்துத் திருத்த இன்னொரு நகல் வேண்டுமே! முழு பலன் கிடைக்கக் குறைந்தது இரண்டு டிஸ்க் தேவை.

குறையே இல்லாத மென்பொருளும் இல்லை. 2023 நவம்பரில் ஓபன்இசட்எஃப்எஸ்-இலேயே தகவலைக் கெடுக்கும் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டு, அந்த மாத இறுதியில் திருத்தம் வந்தது.

பிடிஆர்எஃப்எஸ் எப்படி?

2007-ல் ஆரக்கிளில் இருந்த கிறிஸ் மேசன் தொடங்கியது. செக்சம், ஸ்னாப்ஷாட் இரண்டும் இதிலும் உண்டு. லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஃபெடோரா டெஸ்க்டாப்பில் 2020 முதல் இதுதான் இயல்புத் தேர்வு. ஒரு டிஸ்க், இரண்டு டிஸ்க் அமைப்புகளில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால், இதன் ரெய்டு 5, ரெய்டு 6 வகைகளை முக்கியமான தகவலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று இதை உருவாக்குபவர்களே எச்சரிக்கிறார்கள். பிராக்ஸ்மாக்ஸும் இதை 'முன்னோட்டம்' என்றே குறிப்பிடுகிறது. வீட்டு சர்வரில் முதல் முறை இறங்குபவர்களுக்கு இது முதல் தேர்வு இல்லை.

டிஸ்குகளை எப்படி அடுக்குவது?

ஃபைல் சிஸ்டத்தைப் போலவே முக்கியமானது அடுக்கும் முறை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கட்ஸ் மூவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் 'ரெய்டு' என்ற பெயரைப் பிரபலமாக்கியது. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்குகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் யோசனை.

4 டிபி டிஸ்க் நான்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 டிபி. வழிகள் மூன்று.

1. மிரர்: இரண்டிரண்டாக ஜோடி சேர்ப்பது. ஒன்றில் எழுதுவது அப்படியே ஜோடியிலும் இருக்கும். கிடைப்பது 8 டிபி.

2. ரெய்டு-இசட்1: ஒரு டிஸ்க் அளவுக்கான இடத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவது. ஏதேனும் ஒரு டிஸ்க் போனாலும் தகவல் தப்பும். கணக்குப்படி கிடைப்பது 12 டிபி.

3. ரெய்டு-இசட்2: இரண்டு டிஸ்க் அளவுக்கான இடம் பாதுகாப்புக்கு. எந்த இரண்டு போனாலும் தகவல் தப்பும். கிடைப்பது 8 டிபி.

பார்த்தவுடன் 12 டிபிதான் லாபம் என்று தோன்றும். ஆனால், விர்ச்சுவல் மெஷின்களுக்கு அது சரிப்படாது. காரணம், விர்ச்சுவல் மெஷின்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக, டிஸ்கின் பல இடங்களில் மாறி மாறி எழுதும். ரெய்டு-இசட் தொகுப்பில் ஒவ்வொரு எழுத்துக்கும் பல டிஸ்குகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அதனால் நான்கு டிஸ்க் இருந்தாலும் இந்த மாதிரி வேலையில் வேகம் ஏறக்குறைய ஒரு டிஸ்க் அளவில்தான் இருக்கும். சின்னத் துண்டுகளால் இடமும் வீணாகி, கணக்கில் வரும் 12 டிபி முழுசா கைக்கு வராது.

மிரரில் ஜோடிகள் தனித்தனியாக வேலை செய்யும். வேகம் கூடும். ஒரு டிஸ்க் போய்ப் புதுசு மாட்டினால், ஜோடியில் இருந்து நேராக நகல் எடுத்தால் போதும். ரெய்டு-இசட்டில் மிச்சமிருக்கும் எல்லா டிஸ்கையும் படித்துத்தான் திரும்பக் கட்ட வேண்டும். ஒரே நாளில் வாங்கி, ஒரே அளவு உழைத்த டிஸ்குகள் என்றால், அந்த நீண்ட வேலையின் நடுவில் இன்னொன்றும் போகும் ஆபத்து உண்டு.

அதேநேரம், சினிமா, பழைய வீடியோ, போட்டோ மாதிரி எழுதிவைத்துவிட்டு எப்போதாவது எடுத்துப் பார்க்கும் பெரிய ஃபைல்களுக்கு ரெய்டு-இசட் பொருத்தமானதே. 2025 ஜனவரியில் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3 முதல், ஏற்கெனவே உள்ள ரெய்டு-இசட் தொகுப்பில் ஒவ்வொரு டிஸ்காகச் சேர்த்துப் பெரிதாக்கவும் முடிகிறது.

ராம் எவ்வளவு வேண்டும்?

இசட்எஃப்எஸ் அடிக்கடி படிக்கும் தகவலை ராமில் வைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் லினக்ஸில் மொத்த ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி உள்ள மெஷினில் 8 ஜிபி அதற்கே போனால், விர்ச்சுவல் மெஷின்கள் எங்கே போகும்? பிராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக இன்ஸ்டால் செய்தால் இந்த அளவு மொத்த ராமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று குறைக்கப்பட்டுள்ளது. பழைய பதிப்பில் இருந்து அப்டேட் செய்தவர்கள் தாங்களே இதைக் கவனித்து மாற்ற வேண்டும். பிழை திருத்தும் இசிசி ராம் இருந்தால் நல்லது. கட்டாயம் இல்லை.

டிஸ்க் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

ஹார்ட் டிஸ்க் என்றால், அது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்று பாருங்கள். எஸ்எம்ஆர் வகையில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியபடி தகவல் எழுதப்படும். விலை குறைவு. ஆனால், தொடர்ந்து எழுதும்போது மிக மெதுவாகும். நாஸ் சர்வருக்கு என்று விற்கப்பட்ட ரெட் வரிசை டிஸ்குகளில் சில எஸ்எம்ஆர் வகை என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது. அப்படி ஒரு டிஸ்கை இசட்எஃப்எஸ் தொகுப்பில் மாற்றிப் பார்த்த சோதனையில், சாதாரண டிஸ்குக்கு ஒரு நாளுக்குள் முடிந்த வேலை 9 நாட்களுக்கு மேல் இழுத்தது. அந்த 9 நாளும் வீட்டின் தகவலுக்குப் பாதுகாப்பு இல்லை.

எஸ்எஸ்டி என்றால் ஆயுளைப் பாருங்கள். 1 டிபி எஸ்எஸ்டிக்கு 600 டிபி வரை எழுதலாம் என்று நிறுவனம் சொல்கிறது என்றால், 5 வருடத்துக்குத் தினமும் 300 ஜிபிக்கு மேல் எழுதலாம் என்று அர்த்தம். கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால், விர்ச்சுவல் மெஷின் ஒரு சின்னத் துண்டை எழுதினால், இசட்எஃப்எஸ் வழியாக டிஸ்கில் அதைவிடப் பல மடங்கு எழுதப்படலாம். ரொம்ப மலிவான எஸ்எஸ்டிகள் சீக்கிரம் தேய்வது இதனால்தான். பிராக்ஸ்மாக்ஸில் டிஸ்க் பக்கத்திலேயே 'வேர்-அவுட்' சதவீதம் தெரியும். மாதம் ஒருமுறை அதைப் பார்ப்பது நல்லது.

சரி, எந்த வீட்டுக்கு எது?

ஒரே டிஸ்க், ராம் 8 ஜிபி: பிராக்ஸ்மாக்ஸ் தானாகவே தரும் அமைப்பே போதும். சிஸ்டத்துக்கு இஎக்ஸ்டி4, விர்ச்சுவல் மெஷின்களுக்கு 'எல்விஎம்-தின்'. ஸ்னாப்ஷாட் வசதி இதிலும் உண்டு. ஒரே எச்சரிக்கை: எல்விஎம்-தின் இருப்பதைவிட அதிக இடத்தை வாக்குக் கொடுக்க அனுமதிக்கும். எல்லா மெஷினும் சேர்ந்து நிரப்பிவிட்டால் எழுதுவது தடைபட்டு மெஷின்கள் கெடலாம். மிச்ச இடத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

ஒரே அளவு எஸ்எஸ்டி இரண்டு, ராம் 16 ஜிபி அல்லது அதற்கு மேல்: இசட்எஃப்எஸ் மிரர். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான தேர்வு. முக்கால்வாசிக்கு மேல் நிரம்ப விடாதீர்கள். நிரம்ப நிரம்ப வேகம் குறையும்.

எஸ்எஸ்டி இரண்டு, பெரிய ஹார்ட் டிஸ்க் சில: விர்ச்சுவல் மெஷின்களை எஸ்எஸ்டி மிரரில் வையுங்கள். போட்டோ, வீடியோவை ஹார்ட் டிஸ்குகளில் தனித் தொகுப்பாக வையுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

எந்த அமைப்பாக இருந்தாலும் ஒரு சின்ன யுபிஎஸ் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தாச்சு... இனி பயமில்லையா?

இல்லை. ரெண்டு டிஸ்க் இருக்கிறது என்பது பேக்கப் இருக்கிறது என்று ஆகாது. தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், மிரர் அதை இரண்டு டிஸ்கிலும் அழகாக அழித்துவிடும். ரேன்சம்வேர் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். திருட்டு, தீ, வெள்ளம் வந்தால் பெட்டியோடு போகும்.

பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். சுதாரிப்பதற்குள் 300 ஜிபியில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி. பேக்கப்புக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஐந்துமே சரியாக வேலை செய்யவில்லை. பேக்கப் தோல்வி என்று எச்சரிக்கும் மெயில்கள்கூட வந்து சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, சுமார் 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்திருந்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட். அந்த 6 மணி நேரத் தகவல் மட்டும் திரும்பவில்லை. இவ்வளவையும் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

2022 ஜனவரியில் கனடாவின் 'லைனஸ் டெக் டிப்ஸ்' யூடியூப் குழுவும் இப்படி ஒரு வீடியோ வெளியிட்டது. பெட்டாபைட் கணக்கில் பழைய வீடியோக்கள் இருந்த சர்வர்கள். ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ்தான். ஆனால், எல்லாத் தகவலையும் படித்துச் சரிபார்க்கும் 'ஸ்க்ரப்' வேலையை ஓட விடவே இல்லை. டிஸ்குகள் ஒவ்வொன்றாகப் பழுதானதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது தாமதமாகிவிட்டது. முத்திரை இருந்தது, அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பிராக்ஸ்மாக்ஸில் ஸ்க்ரப் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தானாக ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் முடிவு மெயிலில் உங்களுக்கு வருகிறதா என்பதை நீங்கள்தான் உறுதிசெய்ய வேண்டும்.

பேக்கப்புக்கு எளிய கணக்கு 3-2-1. தகவலுக்கு மூன்று நகல்கள், இரண்டு வகை சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் கிராக் இதைப் பிரபலமாக்கினார். வெளியே வைக்கும் நகலுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஒரு யுஎஸ்பி டிஸ்கில் நகல் எடுத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, தங்கை வீட்டிலோ நண்பர் வீட்டிலோ வைத்து, மாதம் ஒருமுறை மாற்றினால் போதும்.

பட்ஜெட் குறைவு என்றால் எதை விடுவது? மூன்றாவது, நான்காவது டிஸ்கை விடலாம். இசட்எஃப்எஸ்-ஐக்கூட விடலாம். ஒரே டிஸ்கில் இஎக்ஸ்டி4 போட்டு, வெளியே ஒரு நல்ல பேக்கப் வைத்திருப்பவர், நான்கு டிஸ்கில் இசட்எஃப்எஸ் போட்டு பேக்கப்பே இல்லாதவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார்.

ஏற்கெனவே சர்வர் வைத்திருப்பவர்கள் இந்த வாரம் ஒரு வேலை செய்து பாருங்கள். பேக்கப்பில் இருந்து ஒரே ஒரு விர்ச்சுவல் மெஷினை வேறு பெயரில் திரும்ப எடுத்து, ஆன் செய்து, உள்ளே ஒரு போட்டோவைத் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதி. திறக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். அசல் இன்னும் கையில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது.